ரேஸைத் தொடாம முதல்ல கிளட்சைப் பழக்குங்க

வாவிக்கரை (கல்லடி)

எங்கட பக்கம் ஆருக்கும் கியர் பைக் பழக்கத் தொடங்கினா முதல் வாற வசனம் ஒண்டுதான்: "ரேஸைக் குடுத்துக்கிட்டுக் கிளட்சை மெல்ல மெல்ல உடு." ரேஸ் எண்டா வலக் கைப்பிடியைத் திருப்பி எஞ்சின் வேகத்தைக் கூட்டுறது, கிளட்ச் எண்டா இடக் கை லிவரை இழுத்து எஞ்சினையும் சில்லையும் பிரிக்கிறது. சொந்தக்காரப் புள்ளைகள், பக்கத்து வீட்டுப் புள்ளைகள் எண்டு கன பேருக்கு நான் பழக்கியிரிக்கன். பைக் குதிக்கிறதும், ஓஃப் ஆகிறதும், பழகிற ஆளுக்குப் பயம் பிடிக்கிறதும் இந்த வசனத்தாலதான் எண்டு நம்புறன். ரெண்டு கைக்கும் ரெண்டு புது வேலையை ஒரே நேரத்தில குடுக்கிறம். ஒரு கையைப் பழக்கிட்டு மறுகா மற்றக் கைக்குப் போனா என்ன?

நான் செய்யிற முறை இது. ஆள் நடமாட்டம் இல்லாத தட்டையான இடம். எஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும். முதலாம் கியர். வலக் கை ரேஸைத் திருப்பவே கூடா. இடக் கையால கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமா உடணும். ஒரு இடத்தில எஞ்சின் சத்தம் தாழும், பைக் முன்னுக்கு நகரப் பார்க்கும். அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம். கை அந்த இடத்தில நிக்கணும், அங்கால போகப்படாது. பைக் தானா உருளும். கொஞ்சத் தூரம் உருண்டதும் கிளட்சை முழுசா இழுத்து, பிரேக் பிடிச்சு நில். திரும்பச் செய். கண்ணால பார்க்காம கை தானா அந்த இடத்தில போய் நிக்கிற வரைக்கும் வேற ஒண்டும் பழக்கிறதில்ல.

ஏன் கை அங்க நிக்கணும் எண்டதையும் சொல்லிக்குடுக்கணும், வெறுமனே மெல்ல உடு எண்டா விளங்காது. நிண்ட பைக்கின்ட பின் சில்லு சுத்தாது. எஞ்சின் ரேஸ் இல்லாமலே நிமிசத்துக்கு 1400 சுத்து அளவில சுத்துது. முதலாம் கியரில அந்தச் சுத்துக்கு பைக் போக வேண்டிய வேகம், ஒரு ஆள் கெதியா நடக்கிற வேகம். பைக் அந்த வேகத்துக்கு வாற வரைக்கும் எஞ்சினும் சில்லும் ஒத்துப் போகாது. அந்த இடைவெளியைக் கிளட்ச் பிளேட் வழுக்கித்தான் நிரப்புது. நடை வேகம் வர முதல் கையை உட்டா, எஞ்சினைச் சில்லு இழுத்து நிப்பாட்டும், இல்லாட்டி எஞ்சின் பைக்கைத் தூக்கிப் போடும். நடை வேகம் வந்த பிறகு கையை உட்டா ஒண்டும் தெரியாது, வெண்ணெய் மாதிரிப் போகும்.

பழகிறவங்க கனபேர் பிடிக்கிற இடத்தைச் சரியாத்தான் கண்டுபிடிக்காங்க. கண்டுபிடிச்ச உடன "சரி, பிடிச்சிட்டு" எண்டு மிச்சத்தை ஒரேயடியா உடுறாங்க. வில்லங்கம் அங்கதான்.

கல்முனை ரைடர் (கல்முனை)

அண்ணன், விளக்கம் நல்லா இரிக்கி, ஆனா முறையில எனக்கு உடன்பாடு இல்ல. நம்மட பக்கம் பாதிப் பேர் வைச்சிரிக்கிறது 100 சிசி கார்புரேட்டர் பைக். விடிய வெள்ளென ரேஸ் இல்லாம கிளட்சை உட்டா எவ்வளவு மெல்ல உட்டாலும் எஞ்சின் நிக்கும். புதுசாப் பழகிற புள்ள திரும்பத் திரும்ப ஓஃப் ஆக்கினா அதுக்குத்தான் மனசு உடையும்.

மற்றது, றோட்டில ஆரு ரேஸ் இல்லாம எடுக்கிற? கல்முனை டவுனில பின்னால பஸ் நிக்கும், பக்கத்தில ஆட்டோ மூக்கை நுழைக்கும். அங்க நடை வேகத்துக்கு வாற வரைக்கும் காத்திருக்க ஏலா. என்ட மாமா எனக்குப் பழக்கினது, முதல் ரேஸை ஒரு அளவுக்குக் கூட்டு, அந்தச் சத்தத்தைக் காதில பிடி, சத்தம் மாறாம வைச்சுக்கிட்டு கிளட்சை உடு. முதல் நாளே ரெண்டு கையும் சேர்ந்து பழகிச்சு. பிரிச்சுப் பழகினா மறுகா சேர்க்கிறது தனி வேலை.

வாவிக்கரை (கல்லடி)

தம்பி, கார்புரேட்டர் விசயம் நீங்க சொல்லுறது சரி. அதனாலதான் எஞ்சின் சூடாகட்டும் எண்டு எழுதினன். சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ண இழுக்கிறது) இழுத்து வைச்சிரிக்கிற எஞ்சினில இந்தப் பழக்கம் வேலை செய்யாது. சூடான பிறகும் நிக்கிதெண்டா ஐட்லிங் (ரேஸ் இல்லாம எஞ்சின் சுத்துற வேகம்) குறைவா வைச்சிரிக்கி, கராஜில சொல்லி அந்த ஸ்குரூவைச் சரியான அளவுக்குத் திருப்பணும். ஐட்லிங் சரியா இரிக்கிற 100 சிசி பைக், தட்டை நிலத்தில, ஒரு ஆளோட, ரேஸ் இல்லாம உருளும்.

றோட்டில ரேஸ் இல்லாம எடுக்கச் சொல்லி நானும் சொல்லல. இது மைதானப் பழக்கம். இடக் கை பழகினதுக்குப் பிறகு நீங்க எழுதின அதே முறைதான்: ரேஸைக் கொஞ்சம் கூட்டி, அசையாம வைச்சு, கிளட்சை உடுறது. ஆனா அப்ப அந்தப் புள்ளைக்கு ரேஸ் மட்டும்தான் புதுசு.

இன்னொண்டு. ரேஸைக் கூட்டினா எஞ்சின் ஓஃப் ஆகாது, உண்மை. ஆனா எஞ்சின் இன்னும் கெதியாச் சுத்துது, பைக் எட்டிப்பிடிக்க வேண்டிய வேகமும் கூடுது. அதனால பிளேட் இன்னும் கூட நேரம் வழுக்கணும், கை இன்னும் கூட நேரம் பொறுக்கணும். பொறுக்காத கையில நிறைய ரேஸ் இரிந்தா என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். பைக் முன்னுக்குப் பாயும், உடம்பு பின்னுக்குச் சாயும், சாயிற உடம்போட வலக் கை ரேஸை இன்னும் திருப்பும். மதிலில போய் அடிக்கிறது இப்படித்தான்.

ஆருக்குப் பழக்கினாலும் பைக்கை ஸ்ராட் பண்ண முதலே ஒண்டைச் சொல்லி வைக்கணும்: என்ன நடந்தாலும் இடக் கையை முழுசா இழு. எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் கிளட்ச் இழுத்திரிந்தா பைக்குக்கு மேலதிகமா இழுவை கிடைக்காது. வலக் கை மணிக்கட்டு மேல தூக்கியிரிக்காம, கீழ தாழ்ந்து நேரா இரிக்கணும். தூக்கிப் பிடிச்சா குதிக்கிற நேரம் கை தானாவே ரேஸைத் திருப்பும்.

படுவான்கரைப் பிள்ளை (கொக்கட்டிச்சோலை)

அண்ணன், இந்தக் கதை எனக்கெண்டே எழுதின மாதிரி இரிக்கி. நான் இவ்வளவு காலமும் ஸ்கூட்டிதான் ஓடினன். வேலைக்கு மண்முனைப் பாலத்தால ஆரையம்பதிக்கு வந்து டவுனுக்குப் போறன். முந்திப் பாதையில (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) காத்திரிந்து ஏறின காலத்தோட பார்த்தா 2014ல பாலம் வந்தது எங்களுக்குப் பெரிய விடுதலை. இப்ப தம்பி வெளிநாட்டுக்குப் போனதால அவன்ட 150 சிசி பைக் வீட்டில சும்மா நிக்கிது. வயலுக்குப் போற கிரவல் றோட்டுக்கு ஸ்கூட்டியை விட அது நல்லம் எண்டு பழகப் பார்க்கன்.

எனக்கு ரெண்டு கேள்வி. ஒண்டு, என்ட கை சின்னது. கிளட்ச் பிடிக்கிற இடம் வரும்போது லிவர் விரல் நுனிக்குப் போயிரும், அங்க வைச்சு நிப்பாட்டப் பலம் காணாது. ரெண்டாவது, அவசரத்தில நிப்பாட்ட நினைச்சா இடக் கைதான் முதல் இழுக்கிது. ஸ்கூட்டியில அது பிரேக் எல்லா. இதில இழுத்தா நிக்காம இன்னும் வழுக்கிப் போகுது. இந்தப் பழக்கத்தை எப்படி மாத்திற?

கராஜ் காக்கா (காத்தான்குடி)

தங்கச்சி, முதல் கேள்விக்கு நான் சொல்லுறன், இது ஓட்டப் பிழை இல்ல, லிவரில இரிந்து கிளட்சுக்குப் போற வயர் விசயம். கிளட்ச் லிவரில கொஞ்சம் வெறும் ஆட்டம் (வயர் இழுபட முதல் லிவர் சும்மா அசையிற தூரம்) இரிக்கணும். கன பைக்குகளுக்கு லிவர் நுனியில 10 இலிருந்து 20 மில்லிமீற்றர் வரைக்கும். உங்கட பைக்கோட வந்த புத்தகத்தில சரியான அளவு இரிக்கும். ஆட்டம் இல்லாம வயரை இறுக்கி வைச்சா பிடிக்கிற இடம் தூரத்துக்குப் போகும், பிளேட்டும் முழுசாப் பிடிக்காம தேயும். லிவருக்குக் கிட்ட இரிக்கிற அட்ஜஸ்டரைக் கொஞ்சம் இளக்கினா பிடிக்கிற இடம் உள்ளுக்கு வரும், உங்கட கைக்குள்ள வரும். கூட இளக்கப்படாது. கூடினா கிளட்ச் முழுசா விலகாது. இழுத்துப் பிடிச்சிரிந்தாலும் பைக் ஊரும், நியூட்ரல் விழாது.

லிவர் பூட்டியிரிக்கிற கிளிப்பின்ட நட்டையும் இளக்கி, லிவரைக் கொஞ்சம் கீழ சாய்ச்சுப் பூட்டிப் பாருங்க. சீட்டில இரிந்து கையை நேரா நீட்டினா விரல் அப்படியே லிவருக்கு மேல விழணும், மணிக்கட்டு மடங்கப்படாது. பழகிற காலத்தில நாலு விரலாலயும் பிடிங்க. உள்ளங்கையும் பெருவிரலும் கிரிப்பை உடாம இரிக்கணும், விரல் மட்டும்தான் வேலை செய்யணும். கை முழுக்கக் கழண்டு வந்தா எந்த இடத்தில நிக்கிது எண்டு கைக்கே தெரியாது.

ஆனா இதுக்கெல்லாம் முதல் அந்த வயரைப் பாருங்க. கடலும் வாவியும் ரெண்டு பக்கமும் இரிக்கிற ஊர் இது. உப்புக் காத்தில சும்மா நிக்கிற பைக்கின்ட வயர் உள்ளுக்கு கறள் பிடிக்கும். கறள் பிடிச்ச வயர் சீரா வராது, இறுகி நிண்டு பட்டெண்டு விடும். அந்த வயரில எந்த மனிசனாலயும் மெல்ல உட ஏலா. லிவரை விரலால இழுத்து உடேக்க கறுகறு எண்டு தெரிஞ்சா, ஒயில் உட்டுப் பாருங்க. சரிவராட்டி மாத்துங்க, வயர் பெரிய விலை இல்ல. 2020ல வாகன இறக்குமதி நிப்பாட்டினதுக்குப் பிறகு எல்லாரும் பழைய பைக்கையே திருத்தித் திருத்தி ஓடினாங்க. கராஜுக்கு வாற "கிளட்ச் சரியில்ல" முறைப்பாட்டில கனக்க வெறும் வயர்தான்.

ஹாண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பியும் பாருங்க. திருப்பும்போது ஐட்லிங் சத்தம் மாறினாலோ லிவர் இறுகினாலோ வயர் எங்கயோ மடங்கி இழுபடுது. அந்தப் பைக்கில வளைச்சுத் திரும்பும்போது கிளட்ச் பிடிக்கிற இடமும் மாறும்.

வாவிக்கரை (கல்லடி)

காக்கா சொன்ன வயர் விசயத்தை நான் முதல் பதிவிலயே சேர்த்திரிக்கணும், அவ்வளவு முக்கியம்.

தங்கச்சி, ரெண்டாவது கேள்வி இந்த இழையிலேயே பெரிய கேள்வி. ஸ்கூட்டியில இருந்து கியர் பைக்குக்கு வாறவங்களுக்கு கிளட்சை விட ஆபத்தானது இதுதான். ஸ்கூட்டியில இடக் கை பின் பிரேக். கியர் பைக்கில அதே இடத்தில கிளட்ச், பின் பிரேக் வலக் காலுக்குப் போயிட்டு. அவசரத்தில இடக் கையை மட்டும் இழுத்தா எஞ்சின் பிடியும் விலகி, பைக் சும்மா உருளும்.

இதுக்கு வழி: எஞ்சினை ஸ்ராட் பண்ணாம, ஒரு ஆள் பின்னால தள்ள, நீங்க சீட்டில இரிந்து நிப்பாட்டிப் பழகுங்க. வலக் காலும் வலக் கையும் சேர்ந்து. இடக் கை கிரிப்பில மட்டும். கால் தானாத் தேடிப் போற வரைக்கும் அதைச் செய்யுங்க. மறுகா எஞ்சினோட நடை வேகத்தில அதையே செய்யுங்க, இந்த முறை நிக்க முதல் கிளட்சையும் இழுத்து. எடுக்கப் பழக முதல் நிப்பாட்டப் பழகுங்க. ஸ்கூட்டி ஓடியிரிக்கிறதால சமநிலை உங்களுக்கு ஏற்கனவே இரிக்கி, அது பெரிய முதல். முழுக்கப் புதுசா வாறவங்களை விட நீங்க கெதியாப் பழகுவீங்க.

பழகிற காலத்தில ரெண்டு வண்டியையும் மாறி மாறி ஓடாதீங்க. ஒரு கிழமையாவது இதை மட்டும் ஓடுங்க.

திருக்கோவில் பயணி (திருக்கோவில்)

எல்லாரும் தட்டை நிலத்தைப் பற்றியே கதைக்கிறீங்க. நம்மட மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டத்திலயும் கரையோரத்தில பழகிறவங்களுக்கு இரிக்கிற பெரிய குறை அதுதான். பொத்துவிலில இரிந்து மட்டக்களப்பு வரைக்கும் ஏ4 றோட்டில ஏத்தம் எண்டா பாலத்தடிச் சரிவு மட்டும்தான். இஞ்ச பழகினவர் முதல் தரம் செங்கலடியால பதுளை றோட்டைப் பிடிச்சு லுணுகலைக்கு மேல ஏறி, வளைவில லொறிக்குப் பின்னால நிக்க வேண்டி வந்தா, திரும்ப எடுக்கத் தெரியாம பைக் பின்னுக்குப் போகும்.

ஏத்தத்தில செய்ய வேண்டியது: இடக் கால் நிலத்தில, வலக் கால் பின் பிரேக்கில. முன் பிரேக் வேணாம், ஏனெண்டா வலக் கைக்கு ரேஸ் வேலை இரிக்கி. முதலாம் கியர், ரேஸைத் தட்டை நிலத்தை விடக் கொஞ்சம் கூட்டி அசையாம வை. கிளட்சைப் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டு வா. எஞ்சின் சத்தம் தாழும், பைக்கின்ட பின்பக்கம் கொஞ்சம் அமர்ந்த மாதிரி இரிக்கும். அந்த நேரம் பிரேக்கை உடு. பைக் பின்னுக்கு வராது. நடை வேகம் வாற வரைக்கும் வாவிக்கரை அண்ணன் சொன்ன மாதிரி கையை அதே இடத்தில வைச்சிரு.

பிரேக்கை முதல் உட்டுட்டு கிளட்சை உடுறவங்கதான் பின்னுக்குப் போறாங்க. பின்னுக்குப் போகுது எண்ட பயத்தில கிளட்சைப் பட்டெண்டு உட, முன் சில்லு தூக்கும் இல்லாட்டி எஞ்சின் நிக்கும். இதைப் பழக மலைக்குப் போகத் தேவையில்ல. பாலத்தடிச் சரிவில வாகனம் குறைஞ்ச நேரத்தில ஓரமாப் பழகலாம். சரிவு கொஞ்சமா இரிந்தாலும் கால், கை ஒழுங்கு ஒண்டுதான்.

கல்முனை ரைடர் (கல்முனை)

பின் பிரேக் முறை எனக்குப் புதுசு இல்ல, ஆனா இவ்வளவு தெளிவா ஆரும் சொல்லித் தரல. நன்றி அண்ணன்.

ரேஸ் விசயத்தில நான் இன்னும் என்ட பக்கம்தான், ஆனா ஸ்கூட்டியில இரிந்து வாறவங்களுக்கும், பயந்த ஆக்களுக்கும் வாவிக்கரை அண்ணன்ட முறை நல்லம் எண்டு ஒத்துக்கிறன். சைக்கிளும் ஓடி, சாலியும் (கிளட்ச் லிவர் இல்லாத சின்ன ஹொண்டா கியர் பைக்) ஓடிப் பழகின பொடியனுக்கு அது தேவைப்படாது. சாலியில லிவர் இல்லாட்டியும் கியர்ப் பெடலை மிதிக்கும்போது கிளட்ச் விலகும், காலை மெல்ல எடுத்தா மெல்லப் பிடிக்கும். அதை உணர்ந்து ஓடினவனுக்குப் பிடிக்கிற இடம் எண்டா என்ன எண்டு ஏற்கனவே காலில தெரியும்.

ஒரு சந்தேகம். இப்படிப் பாதிக் கிளட்சில வைச்சு வைச்சுப் பழகினா பிளேட் எரிஞ்சு போகாதா? என்ட கூட்டாளிமார் எல்லாரும் பாதிக் கிளட்ச் பாவிக்கவே கூடா எண்டு சொல்லுறாங்க.

கராஜ் காக்கா (காத்தான்குடி)

தம்பி, பாதிக் கிளட்ச் இல்லாம நிண்ட இடத்தில இரிந்து எந்தப் பைக்கையும் எடுக்க ஏலா. கிளட்ச் இரிக்கிறதே அதுக்குத்தான். கியர் பைக்கில கனக்கத்தில பிளேட்டெல்லாம் எஞ்சின் ஒயிலுக்குள்ளதான் கிடக்கிது. எஞ்சினோட சுத்துற பிளேட் ஒண்டு, கியர்ப் பெட்டியோட சுத்துற இரும்புத் தட்டு ஒண்டு, இப்படி மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங் அழுத்திப் பிடிச்சிரிக்கும். நீங்க லிவரை இழுத்தா அந்த அழுத்தம் விலகும். மெல்ல உடேக்க தட்டுகள் வழுக்கும்போது வாற சூட்டை ஒயில் எடுத்துக்கொண்டு போகும். ரேஸ் இல்லாம நடை வேகத்தில பழகிறதால பிளேட்டுக்கு ஒண்டும் வராது.

பிளேட்டைத் தின்னுறது வேற ரெண்டு பழக்கம். ஒண்டு, கூட ரேஸில நீட்டி வழுக்க விடுறது, ஏத்தத்தில பிரேக்குக்குப் பதிலாக் கிளட்சால பைக்கைப் பிடிச்சு நிப்பாட்டுறதும் இதுக்குள்ளதான். மற்றது ஓடும்போது லிவரில விரலைச் சாய்ச்சு வைக்கிறது. பாரம் தெரியாது, ஆனா பிளேட் முழுசாப் பிடிக்காம ஓடிக்கொண்டிரிக்கும். ரேஸைத் திருப்பச் சத்தம் ஏறுது, வேகம் ஏறல எண்டா பிளேட் வழுக்குது எண்டு அர்த்தம். எரிஞ்ச மணமும் வரும்.

நெல் மூட்டை ஏத்திறவங்களுக்கும் ஒரு சொல். பின்னால பாரம் கூடினா பைக் நடை வேகத்துக்கு வரக் கூட நேரம் எடுக்கும். ரேஸைக் கொஞ்சம் கூட்டி, கையைக் கொஞ்சம் கூட நேரம் வைச்சிரிங்க. ரெண்டாம் கியரில எடுக்காதீங்க.

படுவான்கரைப் பிள்ளை (கொக்கட்டிச்சோலை)

காக்கா, வயரை இண்டைக்கு மாத்தினன். லிவர் இப்ப பாதிப் பலத்தில வருது. இவ்வளவு நாளும் கை நோவுக்கு நான்தான் பலமில்லாத ஆள் எண்டு நினைச்சிரிந்தன். ரேஸ் இல்லாம வளவுக்குள்ள உருளவும் தொடங்கிட்டு.

லைசன்ஸ் எடுக்க ட்ரையலுக்குப் போகணும். 100 சிசிக்கு மேல எண்டதால ஏ1 காணாது, ஏ வகுப்பு எடுக்கணும் எண்டு சொன்னாங்க. அங்க 8 போட வேணும் எல்லா? அந்த 8ஐக் கிளட்சில போடுறதா, ரேஸில போடுறதா?

வாவிக்கரை (கல்லடி)

கிளட்சில. ரேஸை மிகக் கொஞ்சமாக் கூட்டி, ஒரே அளவில வைச்சுக்கிட்டு, வேகம் முழுக்க இடக் கையில. வளைவுக்குள்ள கூடினா லிவரைக் கொஞ்சம் உள்ளுக்கு, பைக் விழப் பார்த்தா கொஞ்சம் வெளிய. விழப் பார்க்கும்போது பிரேக் பிடிக்கிறதும் கிளட்சை முழுசா இழுக்கிறதும் தான் காலை ஊண்ட வைக்கும். இழுவை கிடைச்சா பைக் தானா நிமிரும். வேகம் கூடினா பின் பிரேக்கை மட்டும் மெல்லத் தொடுங்க. முன் பிரேக்கை ஹாண்டில் திரும்பியிரிக்கும்போது தொடப்படாது, அந்த இடத்திலேயே சாய்ச்சுப் போடும். கண் முன் சில்லைப் பார்க்காம, அடுத்து எங்க போகணுமோ அங்க பார்க்கட்டும்.

இந்த 8தான் மறுகா வாழ்க்கை முழுக்க உதவும். அம்பிளாந்துறைப் பாதையில பலகைக்கு மேல பைக்கை ஏத்தும்போதும், மாமாங்கத் திருவிழாச் சனத்துக்குள்ள ஊரும்போதும் இதே கைதான். சேலையோ நீளச் சட்டையோ உடுத்தா முந்தானையை ஒதுக்கிக் கட்டிக்கிட்டு ஏறுங்க, சங்கிலிப் பக்கம் தொங்கப்படாது.

கராஜ் காக்கா (காத்தான்குடி)

ஒண்டு விட்டுப் போச்சு. கன நாள் நிண்ட பைக் எண்டா விடிய முதலாம் கியர் போடும்போது "டங்" எண்டு பாயும். பிளேட்டுகள் ஒயிலோட ஒட்டிக் கிடக்கிறதால வாறது. எஞ்சினை ஸ்ராட் பண்ண முதல், கியரில போட்டு, கிளட்சை இழுத்துப் பிடிச்சு, பைக்கை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிவிடுங்க, பிரிஞ்சிரும்.

ஒயிலும் மாத்துங்க, தங்கச்சி. கார் ஒயில் மிஞ்சியிரிக்கி எண்டு ஊத்தப்படாது. கன கார் ஒயிலில வழுவழுப்புக்குச் சேர்க்கிற சாமான் பிளேட்டை வழுக்க வைக்கும். ஸ்கூட்டிக்கு வாங்கினதையும் ஊத்த வேணாம், அதில கனக்கத்தில எம்பி எண்டு போட்டிரிக்கும், அது ஒயிலுக்குள்ள கிளட்ச் இல்லாத வண்டிக்கானது. கியர் பைக்குக்கு டின்னில ஜாசோ (ஒயில் தர அடையாளம்) எம்ஏ இல்லாட்டி எம்ஏ2 எண்டு இரிக்கணும். வாங்கேக்க பார்த்து வாங்குங்க.